நட்ட கொழுப்பு பச்சை பிடித்ததா? ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகளை எம்.ஆர்.ஐ. எடுக்க எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டி வந்தார். பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவளுடைய இடது கன்னம் சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, பிறகு அப்படியே நின்றிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து அந்தக் கன்னத்தில் வைத்திருந்தார்கள். படம் எடுத்து முடித்து நான் வெளியே வந்ததும் அவர் எழுந்து வந்து கேட்டார்: "ஏந்தாயி, நட்டது பச்சை புடிச்சிருச்சா?"

"அதை டாக்டர்தான்யா சொல்லணும்" என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினேன். படம் எடுக்கிறவள் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் இருபது வருடமாக மதுரையில் இந்த வேலையில் இருந்தும், இந்தச் சிகிச்சையைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. நட்ட அன்று எல்லா வயலும் பச்சையாகத்தான் இருக்கும். அது நாற்றங்காலிலிருந்து கொண்டுவந்த பச்சை. நாலைந்து நாளில் நாற்று வெளுத்துத் தலை சாயும். புது வேர் விட்டு நிமிர்ந்த பிறகுதான் பச்சை பிடித்தது என்பார்கள். கன்னத்தில் வைத்த கொழுப்பும் அப்படித்தான். வைத்த அன்று எந்தக் கன்னமும் நிறைவாகவே இருக்கும்.

முதலில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயிறு, தொடை, இடுப்பு போன்ற இடங்களில் தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்குள், மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்பு நீரை விடுவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் அதிகம் போகாது. பிறகு கேனுலா என்னும் மழுங்கிய முனைக் குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். சிரிஞ்சில் வந்ததைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தாலோ சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினாலோ மூன்று அடுக்காகப் பிரியும். மேலே உடைந்த செல்களின் எண்ணெய், அடியில் ரத்தம் கலந்த நீர், நடுவில் வேண்டிய கொழுப்பு. அந்த நடு அடுக்கை இன்னும் மெல்லிய கேனுலாவால் குழி விழுந்த இடத்தில் துளித்துளியாக வைப்பார்கள். தன் உடம்பில் எடுத்ததைத் தன் உடம்பிலேயே வைப்பதால் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளாது. அந்த ஒரு தொல்லை இல்லை. மற்ற தொல்லைகள் எல்லாம் உண்டு.

இதை நேற்று முளைத்த அழகு நிலையச் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1893 இலேயே குஸ்டாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், கையிலிருந்து சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து முகத்தில் பள்ளமான தழும்பை நிரப்பினார். சிறு துண்டுகள்தான் நிற்கின்றன, பெரியவை நிற்பதில்லை என்பதை அவரே கவனித்துச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 1895 இல், வின்சென்ஸ் செர்னி ஒரு பெண்ணின் மார்பில் கட்டி எடுத்த இடத்தை அவர் உடம்பிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். 1950 இல் அமெரிக்காவின் லிண்டன் பியர், இடம் மாற்றிய கொழுப்பு ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதி எடையை இழந்துவிடுகிறது என்று அளந்து சொன்னார். உயிரோடு இருக்கும் செல்கள் எத்தனையோ அத்தனைதான் கடைசியில் மிஞ்சும் என்பது அவர் கருத்து. 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் வந்தது. அதுவரை கத்தியால் வெட்டி எடுத்த கொழுப்பு, அதன் பிறகு குழாயில் கிடைத்தது. 1990களில் நியூயார்க்கின் சிட்னி கோல்மன், எடுப்பது, பிரிப்பது, வைப்பது மூன்றுக்கும் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். அவர் வலியுறுத்தியதும் நாய்பர் சொன்னதைத்தான்: சிறிது சிறிதாக வை.

ஏன் சிறிது சிறிதாக? தோலையோ சதையையோ அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து நகர்த்தும் அறுவைகள் உண்டு. இப்படி எடுத்து வைக்கும் கொழுப்பு ஒட்டில் அந்தத் தொப்புள்கொடி கிடையாது. உறிஞ்சிய நிமிடமே ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்தில் முதல் சில நாள், சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறும் ஈரத்தில் வரும் ஆக்சிஜனை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். அதற்குள் சுற்றுப்புறத்திலிருந்து புது ரத்தக் குழாய்கள் வந்து சேர வேண்டும். நெல்லுக்கும் இதற்கும் இங்கேதான் வித்தியாசம். வயலில் நாற்று வேர் விடும். இங்கே மண்தான் நாற்றுக்குள் வேர் விட வேண்டும். அதனால்தான் மண் முக்கியம். கதிர்வீச்சு சிகிச்சையில் காய்ந்துபோன தோல், தீக்காயத்தில் இறுகிய தழும்பு, சிகரெட் பிடிப்பவரின் சுருங்கிய ரத்தக் குழாய்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வறண்ட நிலம்.

டோக்கியோவில் கோட்டாரோ யோஷிமுராவின் குழு எலிகளில் இதைக் கூர்ந்து பார்த்து 2012 இல் எழுதியது. வைத்த கொழுப்பு உருண்டையில் மூன்று வளையங்களை அவர்கள் கண்டார்கள். வெளி விளிம்பில் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்த கொழுப்புச் செல்கள் மட்டும் பிழைத்தன. அதற்கு உள்ளே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை, கொழுப்புச் செல்கள் ஒரு நாளைக்குள் செத்துவிடுகின்றன. ஆனால் அவற்றோடு கூட வந்த மூலச் செல்கள் (ஸ்டெம் செல்கள்) பட்டினியைத் தாங்குகின்றன, மூன்று நாள் வரைகூட. அவை பிழைத்துப் பெருகிப் புதுக் கொழுப்புச் செல்களை உண்டாக்குகின்றன. நடு மையத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. பியர் சொன்னபடி பழைய செல் பிழைத்தால்தான் ஒட்டு நிற்கும் என்பதில்லை. நின்றதில் பெரும்பங்கு அதே இடத்தில் புதிதாக முளைத்தது என்று இதிலிருந்து தெரிந்தது.

சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டையாகக் கொழுப்பை வைக்கிறோம். விளிம்பிலிருந்து 1.2 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் தப்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் சாகும் பகுதி மொத்தக் கனஅளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும். அதே கொழுப்பை 2 மில்லிமீட்டர் குறுக்களவு மணிகளாகப் பிரித்து வைத்தால், கணக்குப்படி எந்த மணிக்கும் சாகிற மையமே கிடையாது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றைக் கால் மீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒன்றாக நடச் சொன்னபோது, முடி முடியாக நட்டுப் பழகியவர்கள் சிரித்தார்கள். வயல் வெறிச்சென்று தெரியுமே என்றார்கள். அழகு சிகிச்சையிலும் இந்த மனநிலை உண்டு. பாதி கரையப்போகிறது என்றால் இரண்டு மடங்கு வைத்துவிடுங்களேன் என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கும் இடத்துக்குமேல் திணித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ரத்தக் குழாய் நசுங்கும், பிழைக்க வேண்டியதும் சாகும்.

இனி என் வேலைக்கு வருகிறேன். இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் ஒளிந்திருக்கிறது.

கொழுப்புச் செல் என்பது பெரும்பாலும் ஒரு எண்ணெய்த் துளி. ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் உயிர்ப்பொருள்தான் செல். அது செத்தாலும் எண்ணெய் உடனே எங்கும் போய்விடுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் வழக்கமான சாயம் போட்டுப் பார்த்தால் செத்த கொழுப்பும் உயிருள்ள கொழுப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெற்று வட்டங்களாகத் தெரியும். எது உயிரோடு இருக்கிறது என்பதைப் பிரிக்க, எண்ணெய்த் துளியைச் சுற்றியிருக்கும் பெரிலிப்பின் என்ற புரதத்துக்குத் தனிச் சாயம் போட வேண்டும். உயிருள்ள செல்லில்தான் அது ஒளிரும். ஜப்பானியர்கள் வளையங்களைக் கண்டதும் இந்தச் சாயத்தின் உதவியால்தான்.

மைக்ராஸ்கோப்பே ஏமாறும் இடத்தில் எம்.ஆர்.ஐ. மட்டும் ஏமாறாதா? எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய் மூலக்கூறின் ஹைட்ரஜன். டி1 என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாக வரும். கொழுப்பின் ஒளியை அணைக்கும் முறையில் எடுத்தால் கருத்துப்போகும். செத்த கொழுப்பிலிருந்து கசிந்து குட்டையாகத் தேங்கிய எண்ணெயும் அதே மாதிரிதான் வெள்ளையாகி, அதே மாதிரிதான் கருக்கும். ஆக, அந்த விவசாயி கேட்ட கேள்விக்கு என் கருவி நேரடியாகப் பதில் சொல்லாது. எண்ணெய் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். உயிர் இருக்கிறதா என்பதை அக்கம்பக்கத்து அடையாளங்களை வைத்து ஊகிக்க வேண்டும். நல்ல கொழுப்புக்குள் மெல்லிய இழைகள் ஓடும். தேங்கிய எண்ணெய் இழையே இல்லாமல் ஒரே வழவழப்பாக, ஒரு உறைக்குள் அடைபட்டு இருக்கும். ரத்தத்தில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்து போட்டால் செத்த பகுதியின் விளிம்பு மட்டும் ஒளிரலாம், உள்ளே ரத்தம் போகாது. நீர்ச்சத்தையும் கொழுப்பையும் தனித்தனிப் படமாகப் பிரிக்கும் டிக்சன் முறையில், வீக்கத்தால் வந்த பருமன் எது, கொழுப்பால் வந்தது எது என்று பிரிக்கலாம். 1984 இல் வந்த யோசனை அது. இன்று நல்ல கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

நேரமும் உதவும். உடம்பின் துப்புரவுச் செல்கள் செத்த கொழுப்பின் எண்ணெயை மெதுவாகத்தான் உறிஞ்சும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். முதல் மாதத்தில் அளக்கும் கனஅளவில் வீக்கம், ஊசியோடு போன நீர், செத்தும் கரையாத எண்ணெய், உயிருள்ள கொழுப்பு எல்லாம் கலந்திருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு கணக்கு தெளியத் தொடங்கும். ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் கழித்து அளப்பதைத்தான் நான் நம்புவேன். இந்தக் காரணத்தால்தான் இரண்டாவது வாரத்தில் எடுத்த செல்ஃபோன் படத்தைக் காட்டி "பாருங்க, அப்படியே நின்னுருச்சு" என்று சொல்லும் விளம்பரம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. முன் படத்துக்கு மேலிருந்து விழும் டியூப்லைட் வெளிச்சம், பின் படத்துக்கு முன்னாலிருந்து வரும் மெல்லிய வெளிச்சம். இந்த வித்தையை நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

சரி, கனஅளவை எப்படி எடுக்கிறோம்? எம்.ஆர்.ஐ. என்பது ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி அடுக்கடுக்கான படங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேண்டிய பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, பரப்பைத் துண்டின் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கனஅளவு வரும். சொல்ல எளிது. வைத்த கொழுப்பும் அங்கே ஏற்கெனவே இருந்த கொழுப்பும் படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும், எல்லைக்கோடு கிடையாது. அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த கனஅளவைப் பின்னால் எடுத்ததிலிருந்து கழிக்க வேண்டும். முன்னால் எடுக்கவே இல்லை என்றால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. கன்னத்தில் 15 மில்லி வைத்திருக்கிறார்கள், கோடு போடுவதில் 2 மில்லி பிசகுகிறது என்றால் அதுவே 13 சதவீதம். படுத்திருக்கும்போது கன்னம் காதுப் பக்கம் சரியும்; தலைக்கு வைக்கும் பஞ்சுத் திண்டு கொஞ்சம் அழுத்தினாலும் மாறும். மார்பு எம்.ஆர்.ஐ. குப்புறப் படுத்து எடுப்பது, அங்கே வடிவமே வேறு. முன்னும் பின்னும் ஒரே கருவி, ஒரே முறை, ஒரே கிடை. இதில் ஒன்று மாறினாலும் வரும் எண் பெரிதாக எதையும் சொல்லாது.

சி.டி. ஸ்கேன் இதைவிட வேகமானது. கொழுப்பை எண்ணாலேயே காட்டும். தண்ணீரைப் பூஜ்யமாக வைத்த அளவுகோலில் கொழுப்பு மைனஸ் 100 பக்கத்தில் நிற்கும். ஆனால் அழகுக்காக வைத்த கொழுப்பை எட்டிப்பார்க்க இருபது வயதுப் பெண்ணுக்கு மறுபடி மறுபடி கதிர்வீச்சா? எனக்கு ஒப்பவில்லை. பல கோணக் கேமராக்களால் முகத்தின் மேற்பரப்பை முப்பரிமாணமாகப் படம் எடுக்கும் முறையில் கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை. அது தோலுக்கு வெளியே தெரிவதைத்தான் அளக்கும்; வீங்கிய கன்னத்துக்கும் நிறைந்த கன்னத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அல்ட்ராசவுண்டில் கை பழக வேண்டும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அந்த இடத்தில் சொல்லும், எண்ணெய்க் குட்டையைக் கருங்குளமாகக் காட்டும், டாப்ளர் போட்டால் ரத்த ஓட்டத்தையும் காட்டும். ஆனால் தோலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடியான புரோப்பைச் சற்று அழுத்திப் பிடித்தால் கொழுப்பு நசுங்கிப் பாதித் தடிமன் காணாமல் போகும். ஜெல்லை நிறையப் போட்டு, புரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் சென்டரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பூ மார்க்கெட்டில் மல்லி மொட்டைத் தொடுகிற மாதிரி தொடுங்கள் என்று சொல்வேன்.

இனி சதவீதம். எத்தனை நிற்கும் என்ற கேள்விக்கு மருத்துவக் கட்டுரைகளில் 20 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை விடை கிடைக்கும். இவ்வளவு பெரிய இடைவெளி வந்தால் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எதன் மேல் சதவீதம் என்பதே ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிரிஞ்சில் 20 மில்லி வைத்தார்கள் என்று கொள்வோம். சரியாகப் பிரிக்காமல் அதில் 4 மில்லி நீரும் எண்ணெயும் கலந்திருந்தால் உண்மையில் வைத்த கொழுப்பு 16 மில்லிதான். ஆறு மாதத்தில் 8 மில்லி மிஞ்சினால் ஒரு கணக்குப்படி 40 சதவீதம், இன்னொரு கணக்குப்படி 50. இடமும் வேறு செய்யும். அதிகம் அசையாத கன்ன மேட்டில் நன்றாக நிற்பது, ஓயாமல் அசையும் உதட்டில் நிற்காது. அப்புறம் உடல் எடை. வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு கன்னத்துக்குக் குடிபோனாலும் வயிற்றுக் குணத்தை விடாது. ஆள் பருத்தால் அதுவும் பருக்கும், இளைத்தால் இளைக்கும். கல்யாணத்துக்கு முன் ஒட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பின் மூன்று மாத விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்கு வந்தால், நின்றது ஒட்டா விருந்தா என்று யார் பிரிப்பது? அதனால் எடை பார்க்காமல் யாரையும் நான் மேசையில் ஏற்றுவதில்லை.

கன்னத்தில் இந்தக் கணக்கு பிசகினால் போவது பணமும் மனமும்தான். மார்பில் பிசகினால் பயம் வரும். சில வருடங்களுக்கு முன் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மார்பில் பட்டாணி அளவு கட்டி தட்டுப்படுகிறது என்று மேமோகிராம் என்னும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வந்தார். முன்பு அறுவை ஏதும் செய்ததுண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். படத்தில் மெல்லிய முட்டை ஓடு போல வெள்ளை விளிம்பு கட்டிய வட்டங்கள் தெரிந்தன. ஒன்றல்ல, நாலைந்து. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்காரருக்கு மட்டுந்தான்க்கா தெரியும். மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றார். வெளியூர் போய்க் கொழுப்பு வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த வட்டங்கள் எண்ணெய்க் குட்டைகள். உடம்பால் உறிஞ்ச முடியாத எண்ணெயைச் சுற்றி ஒரு உறை கட்டும். மாதங்களோ வருடங்களோ கழித்து அந்த உறையில் சுண்ணாம்பு படியும். நன்றாகப் படிந்த முட்டை ஓட்டு வட்டத்தை, படம் பார்த்து முடிவு எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் பார்த்தவுடனே ஆபத்தில்லாதது என்று எழுதிவிடுவார். சிக்கல் என்னவென்றால், சுண்ணாம்பு ஆரம்ப கட்டத்தில் சில சமயம் ஒழுங்கில்லாத சிறு பொடிகளாகக் கூடிக் கிடக்கும். புற்றுநோயின் சுண்ணாம்பும் அப்படித்தான் இருக்கும். கொழுப்பு வைத்த கதை தெரியாவிட்டால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

இந்தப் பயத்தால்தான் 1987 இல் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம் மார்பில் கொழுப்பு வைப்பதே கூடாது என்று கண்டித்து அறிக்கை விட்டது. புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்கு இந்தச் சுண்ணாம்புகள் இடைஞ்சலாகும் என்பது அவர்கள் வாதம். இருபது வருடத்துக்கு மேல் பல மருத்துவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இதற்கிடையில் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் மேம்பட்டன, மார்பைச் சிறிதாக்கும் அறுவை போன்ற, யாரும் தடுக்காத அறுவைகளிலும் இதே மாதிரிச் சுண்ணாம்பு படிகிறது என்பதைப் பலர் எடுத்துக்காட்டினார்கள். 2009 இல் அதே சங்கம் அமைத்த குழு மறுபடி பார்த்து, கவனத்தோடு செய்யலாம் என்று கதவைத் திறந்தது. ஒரு சிகிச்சை நின்றதற்கும் திரும்பி வந்ததற்கும் இரண்டிற்கும் காரணம் படம்தான். புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்கு இன்று இது ஒரு வழியாக இருப்பது அந்த மறுபரிசீலனையால். நம் ஊரில் மிச்சமிருக்கும் சிக்கல் கருவியில் இல்லை, "இல்லை" என்று எழுதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. மாமியாரிடம் சொல்ல வேண்டாம். படம் எடுக்கிறவளிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒட்டு பிழைக்கிறதா என்பதைவிட ஆள் பிழைக்கிறாரா என்பதே கேள்வியாகும் இடமும் ஒன்று உண்டு. பின்பக்கத்தைப் பெரிதாக்கக் கொழுப்பு வைக்கும்போது, கேனுலா தசைக்குள் இறங்கி அங்கிருக்கும் பெரிய சிரைகளைக் கிழித்தால், கொழுப்பு நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போய் அடைத்துவிடும். 2017 வாக்கில் அமெரிக்காவில் போட்ட கணக்கில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் வரை இப்படி இறந்திருக்கலாம் என்று தெரிந்தபோது அந்தத் துறையே அதிர்ந்தது. தசைக்கு மேல், தோலுக்கடியில் மட்டும் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஃப்ளோரிடா மாநிலம் 2022 இல் ஒரு படி மேலே போய், அல்ட்ராசவுண்டில் கேனுலாவின் முனையைப் பார்த்துக்கொண்டேதான் வைக்க வேண்டும் என்றது. முகத்திலும் இதற்கு ஒரு தம்பி இருக்கிறது. புருவ நடுவிலும் மூக்கிலும் ரத்தக் குழாய்க்குள் கொழுப்பு போனால் கண் பார்வை போகலாம். கடையில் வாங்கும் சில நிரப்பு ஊசிகளைக் கரைக்க மாற்று மருந்து உண்டு. கொழுப்பைக் கரைக்க எதுவுமில்லை.

அறுவை அரங்கிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நம் நாட்டில் அது கடையில் போய் வாங்கி வைக்கிற பொருள் இல்லை. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போக முடியாது. உசிலம்பட்டியின் பெயர் நாடு முழுக்க எதற்காக அடிபட்டது என்பது தெரிந்த மதுரைக்காரி நான். அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அதன் நடைமுறைகளை முடித்து, பிளாஸ்டிக் அறுவை அரங்கில் ஒரு கருவியைப் பதிவு செய்து வைத்திருக்கும் இடங்களை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

தீக்காயத் தழும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் மோசமாக எரிந்தவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ் வருவது மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு. பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் வருடக்கணக்கில் இறுகிய தழும்போடு வாழ்கிறார்கள். தழும்புக்கடியில் கொழுப்பு வைத்தால் தோல் இளகும், கொழுப்போடு போகும் மூலச் செல்கள் தழும்பையே மாற்றும் என்று நம்பிக்கையான பல அறிக்கைகள் உண்டு. கூடவே 2017 இல் வந்த ஒரு சிறு சோதனையையும் படிக்க வேண்டும். குழந்தைகளின் தழும்பில் பாதிக்குக் கொழுப்பும் பாதிக்கு வெறும் உப்பு நீரும் போட்டு, எது எதில் என்று தெரியாதவர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிறு சோதனைதான், அதோடு கதை முடியவில்லை. ஆனால் தழும்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று பெரிய எழுத்தில் போட்டுக் காசு கேட்கிறவர்கள் இந்தப் பாதிக் கதையைச் சொல்வதில்லை.

மேலூர் விவசாயிக்கு வருகிறேன். மகளுக்கு வந்திருந்தது பாரி ராம்பெர்க் என்று பெயர் வைத்திருக்கும் நோய். முகத்தில் ஒரு பக்கத்துத் தோலும் கொழுப்பும், சிலருக்கு எலும்பும்கூட மெதுவாகக் கரையும். பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கிச் சில வருடம் ஓடி நின்றுவிடும். அது நின்றது உறுதியான பிறகுதான் கொழுப்பு வைப்பார்கள், இல்லாவிட்டால் வைத்ததையும் நோய் தின்றுவிடும். வைப்பதற்கு முன்னால் அவளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள், ஆனால் கையிலிருந்தது ஃபிலிம் மட்டும்தான், படங்களைப் பதிந்து தரும் சி.டி. தட்டு இல்லை. ஃபிலிமில் கோடு போட்டுக் கனஅளவு எடுக்க முடியாது. நல்ல வேளையாக, ஒரு பக்க நோய் என்பதால் வலது கன்னம் இருந்தது. அதை ஒப்பிட்டுத்தான் ரேடியாலஜிஸ்ட் எழுதினார்: இடது பக்கம் இன்னும் குறைவு, எண்ணெய்க் குட்டை ஒன்று சிறியதாக, மற்றபடி இழையோடிய கொழுப்பு.

ஒன்பதாம் மாதம் மறுபடி வந்தார்கள். எடை பார்த்தேன், இரண்டு கிலோ கூடியிருந்தாள். மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் பார்த்ததைவிடக் குட்டை சுருங்கியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. இன்னொரு தடவை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"வெறுங்குத்து விழுந்த இடத்துல மறுநாத்து வைக்கிறது உள்ளதுதானே தாயி" என்றார். பிறகு ரிப்போர்ட் கவரைப் பிரித்துப் பார்த்து, "சி.டி. தட்டு போட்டிருக்கியா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். மேல் கவரில் தேதியும் அவள் எடையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை வரும்போது தட்டையும் கவரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.